பெயர் எழுதப் போனேன்



சென்ற மாதம் ஓட்டமாவடியிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. உயர்தரம் வரை படித்தவர். யுத்தத்தில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் தாய் வீட்டில் இருப்பவர். வீடு வீடாகச் சென்று விபரம் திரட்டும் வேலையொன்று இரண்டு மாதங்களுக்குக் கிடைத்திருக்கிறதாம். "இரண்டு மாதக் காசுக்காக வெயிலில் அலைய வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களின் படலையில் நின்று அவர்களின் குடும்பக் கதையை எப்படிக் கேட்பது என்று எனக்கும் கூச்சமாக இருக்கிறது. போகலாமா அக்கா?" என்று எழுதியிருந்தார்.

போ என்றும் சொல்லாமல் போகாதே என்றும் சொல்லாமல், எனக்கு நடந்ததை இம்முறை எழுதுகிறேன். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் வாழைச்சேனையில் நானும் ஒரு கணக்கெடுப்பாளராக வேலை செய்தேன். சில கிழமை வேலைதான். ஆனால் அந்தச் சில கிழமைகளில் நான் படித்ததை இன்னும் மறக்கவில்லை.

அப்போது நான் காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னேரத்தில் அயல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பேன். என் கணவர் 2007இல் வேலைக்கென்று போனவர். திரும்பி வரவில்லை. தேடாத இடமில்லை. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு வயது. அம்மாவும் எங்களோடு இருந்தார்.

எங்கள் கிராம உத்தியோகத்தர்தான் செய்தி சொன்னார். இந்த வேலையைப் பெரும்பாலும் அரச ஊழியர்கள் செய்வார்களாம். ஆள் போதாத இடங்களுக்கு உயர்தரம் படித்த வெளியாட்களையும் எடுக்கப் போகிறார்களாம். "உங்கட கையெழுத்து நல்லாயிருக்குமே, கேட்டுப் பாருங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"பெயர் எழுதிக்கொண்டு போனவங்களால நாம பட்டது போதாதா? இப்ப நீயே எழுதப் போறியா?"

அம்மா சொன்னதில் பிழையில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் அந்தப் பயம் தெரியும். யுத்த காலத்தில் வீட்டில் உள்ளவர்களின் பட்டியல் என்றாலே நெஞ்சு பதறும். பட்டியலில் உள்ளவர் இரவில் வீட்டில் இல்லாவிட்டாலும் கேள்வி, பட்டியலில் இல்லாதவர் இருந்தாலும் கேள்வி. யார் எழுதுகிறார்கள், எதற்கு எழுதுகிறார்கள், எழுதியது எங்கே போகிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் பாடசாலை தொடங்கியிருந்தது. மகளுக்குச் சப்பாத்து இல்லை. போனேன்.

பயிற்சி ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆசிரியர்களும் அலுவலகங்களில் வேலை செய்வோரும் முன் வரிசையில் இருந்தார்கள். நானும் என்னைப் போன்ற இரண்டு பெண்களும் கடைசி வரிசையில் ஒட்டிக்கொண்டிருந்தோம். படிவத்தைக் கையில் தந்ததும் எனக்குத் தலை சுற்றியது. அத்தனை கட்டங்கள்! பெயர், உறவுமுறை, பிறந்த திகதி, இனம், மதம், விவாக நிலை, எங்கே பிறந்தவர், முன்பு எங்கே இருந்தவர், ஏன் இடம் மாறினார், படிப்பு, தொழில். கண் தெரியுமா, காது கேட்குமா, நடக்க முடியுமா என்றும் கேள்விகள். பிறகு வீட்டைப் பற்றி: சுவர் எதனால், கூரை எதனால், குடிதண்ணீர் எங்கிருந்து, மலசலகூடம் உண்டா, விளக்கு என்ன, அடுப்புக்கு எரிப்பது என்ன.

பயிற்சி தந்தவர் அவசரப்படாமல் சொல்லித் தந்தார். இலங்கை முழுவதற்குமான முதலாவது கணக்கெடுப்பு 1871இல் நடந்ததாம். அதன் பிறகு பெரும்பாலும் பத்து வருடத்துக்கு ஒரு தடவை நடந்து வந்திருக்கிறது. 1981இல் நடந்தது. 1991இல் நடக்க வேண்டியது யுத்தத்தால் நடக்கவேயில்லை. 2001 ஜூலையில் நடந்தபோது, 25 மாவட்டங்களில் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எண்ண முடிந்தது. மீதி ஏழு மாவட்டங்களும் வடக்கு, கிழக்கில் இருந்தன. எங்கள் மட்டக்களப்பும் அதிலொன்று. அதாவது 1981க்குப் பிறகு எங்களை ஒருவரும் முழுமையாக எண்ணவில்லை.

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். 1981க்கும் 2012க்கும் இடையில் முப்பத்தொரு வருடம். அதற்குள் எத்தனை பேர் பிறந்து, வளர்ந்து, இல்லாமலும் போய்விட்டார்கள்! எந்தக் குடிசன மதிப்பீட்டிலும் ஒரு தடவையேனும் பெயர் பதியப்படாமலே போனவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்!

பயிற்சி தந்தவர் இரண்டு விடயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்று, வீட்டில் கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது. குடிசன மதிப்பீட்டுக்கென்றே பழைய கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. தனியாள் விபரத்தை வெளியிடுவது அதன்படி குற்றம். மற்றது, "அவர்கள் சொல்வதை எழுதுங்கள். நீங்கள் நினைப்பதை எழுதாதீர்கள். அத்தாட்சி கேட்காதீர்கள்." அந்த இரண்டாவது வார்த்தை எவ்வளவு பெரியது என்பது படலைகளைத் திறந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பெப்ரவரி கடைசியில் வேலை தொடங்கியது. எனக்குக் கிடைத்த வட்டாரம் வாவிப் பக்கமாக இருந்தது. எழுபது வீட்டுக்குக் கொஞ்சம் மேல். மகளின் பழைய பாடசாலைப் பையில் படிவங்களை வைத்து, மழை வந்தால் என்று பொலித்தீனால் சுற்றி, கழுத்தில் அடையாள அட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் புறப்பட்டேன்.

முதல் வீட்டில் பத்து நிமிடம் படலையிலேயே நின்றேன். நாய் குரைத்ததால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கூப்பிட வாய் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன மகள், நிவாரணம் பதியிறதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதன் பிறகு அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகும், 2006, 2007இல் வாகரைப் பக்கத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்த காலத்திலும் எங்கள் பகுதியில் பெயர் எழுதாத நிறுவனம் இல்லை. "எத்தினை பேர் வந்து எழுதினாங்க. ஒண்டும் வரல்ல" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். "ஓம் என்று சொல்லிவிட்டால் கெதியாகப் பதில் வரும்" என்று என்னோடு வேலை செய்த ஒருவர் யோசனை சொன்னார். நான் அப்படிச் செய்யவில்லை. "இல்லை அம்மா, இதனால் உங்களுக்கு ஒன்றும் தரமாட்டார்கள். நாட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணுகிறார்கள். பாடசாலை, ஆஸ்பத்திரி, றோட்டு எல்லாம் திட்டம் போடும்போது இந்தக் கணக்கைப் பார்ப்பார்கள்" என்று உள்ளதைச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஒருவரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. பொய் சொல்லாத ஆளுக்கு ஒரு தேத்தண்ணியாவது கிடைக்கும்.

அது பெரும்போக வெட்டுக் காலம். பகலில் போனால் பாதி வீடுகளில் ஆளில்லை. பெண்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே காலையில் வெள்ளெனவும் பின்னேரத்திலும் போகப் பழகினேன்.

வயது கேட்பதும் ஒரு பாடுதான். இடம்பெயரும்போது பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள், சுனாமியில் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர். ஒரு பெரியம்மாவிடம் வயதைக் கேட்டால், "சூறாவளி அடிக்கக்குள்ள மூத்தவனுக்கு ரெண்டு வயசு. எனக்கு அப்ப இருபது இருக்கும்" என்பார். எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட சூறாவளி 1978 நவம்பரில் வந்தது. அதிலிருந்து எண்ணி எழுதுவேன். எங்களிடம் நாட்காட்டி இல்லாவிட்டால் என்ன, அழிவுகள் எல்லாவற்றுக்கும் வருடம் இருக்கிறது.

தொழில் என்ற கட்டம் வந்ததும் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: "ஒண்டும் இல்ல. சும்மா வீட்டிலதான் இரிக்கன்." சொல்லும்போதே கை பாயை இழைத்துக்கொண்டிருக்கும். முற்றத்தில் கருவாடு காயும். வாசலில் கோழி மேயும். ஒரு சகோதரி நெல் அவித்துக் குற்றி விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவரும் "சும்மா" என்றுதான் சொன்னார்.

நான் நினைப்பதை எழுதக்கூடாது. ஆனால் திரும்பக் கேட்கலாம். "கடந்த கிழமை காசு வருகிற மாதிரி என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினேன். அப்போது ஒவ்வொன்றாக வந்தது. பன் பாய் இழைத்தது, கூலிக்கு வயல் வெட்டியது, அப்பம் சுட்டு விற்றது, இன்னொரு வீட்டில் துணி துவைத்தது. அதைத்தான் எழுதினேன். ஒருவர் வியப்போடு கேட்டார்: "இதெல்லாம் தொழிலா புள்ள?" இடியப்பம் அவித்துவிட்டு வந்து நிற்கிற நான் என்ன சொல்வேன்? அன்றைக்கு வரைக்கும் யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் "சும்மா" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த சிக்கல் குடும்பத் தலைவர். வீட்டில் வழமையாக இருப்பவர்களில், மற்றவர்கள் தலைவராக ஏற்றுக்கொள்ளும் ஆளின் பெயர் முதலில் வர வேண்டும். ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம். ஆனால் எங்கள் பெண்கள் ஒரு ஆண் பெயரைச் சொல்லாமல் தொடங்க மாட்டார்கள். கணவர் இறந்திருந்தால் பதினாறு வயது மகனின் பெயர். மகன் இல்லாவிட்டால் பக்கத்து வளவில் இருக்கும் தம்பியின் பெயர். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு வளவை மகளுக்குத்தான் சீதனமாக எழுதுவார்கள். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி கூடத் தாய் வழியில்தான். உறுதியில் அவள் பெயர். உழைப்பு அவளுடையது. பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்குப் போவதும் அவள். தலைவர் யார் என்று கேட்டால் மட்டும் வீட்டில் இல்லாத ஒரு ஆண்.

இனி நான் சொல்லப் போவது என்னால் மறக்க முடியாத வீடு.

வாவிக் கரையோரம், கிடுகு வேலி, பாதி கட்டிய கல் வீடு. அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா திண்ணையில் இருந்தார். மகள் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். தன் பெயர், மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று சொன்னார். ஆறாவதாக ஒரு பெயரும் சொன்னார். எழுதுவதற்கு முன் கேட்டேன்.

"அவர் எங்கே அம்மா வேலை செய்கிறார்?"

"தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாசம் கூட்டிக்கொண்டு போனாங்க. இன்னும் வரல்ல."

என் பேனை நின்றுவிட்டது. பயிற்சியில் சொன்னது தெளிவு. வழமையாக இந்த வீட்டில் வசிப்பவர்களின் பெயரைத்தான் எழுதலாம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகளைக் கூட இதில் சேர்க்க முடியாது என்று முந்தின வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். இருபத்திரண்டு வருடமாக வராதவரை எப்படி எழுதுவது?

"அம்மா, இப்ப இந்த வீட்டில இருக்கிற ஆக்களத்தான் இதில எழுதலாம்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப அவன எங்க எழுதுவ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை. மற்றக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். திருமணமான பெண்களிடம் கேட்க வேண்டிய கட்டம் வந்தது.

"உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை அம்மா?"

"அஞ்சு."

"இப்ப உயிரோடு இருக்கிறவர்கள் எத்தனை?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அடுப்படியில் சத்தம் நின்றது. மகள் அகப்பையோடு கதவடியில் வந்து நின்றாள். அம்மா படிவத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"ஒண்டு சின்னதில காய்ச்சல் வந்து போச்சு. ஒண்டு சுனாமியில போச்சு" என்றார். பிறகு விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "மூண்டு. மூண்டு எண்டு எழுது புள்ள."

மகள் வாயைத் திறக்கவில்லை. நான் 3 என்று எழுதினேன்.

"காட்டு" என்றார் அம்மா. அவருக்கு எழுத்துத் தெரியாது. இலக்கம் தெரியும். அந்த மூன்றின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்குள்ள அவனும் இரிக்கான்தானே?"

"ஓம் அம்மா. இருக்கிறார்."

அன்று அதற்கு மேல் இன்னொரு வீட்டுக்குப் போகவில்லை. ஓட்டமாவடிப் பாலத்தடிக்குப் போய்ச் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் சொல்வதை எழுது, அத்தாட்சி கேட்காதே என்று சொன்ன அந்த விதிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். எத்தனை அலுவலக வாசல்களில் நாங்கள் அத்தாட்சி கொடுத்துக் களைத்துப் போயிருக்கிறோம்! மரணச் சான்றிதழ் கொண்டு வா என்பார்கள். அல்லது உயிரோடு இருப்பதற்குச் சாட்சி கொண்டு வா என்பார்கள். இந்த ஒரு கடதாசியில்தான் ஒரு தாயின் வார்த்தையே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது கிழமையில், என் வேலையை முடித்துக்கொண்டு பின்னேரம் வீட்டுக்கு வந்தால், எங்கள் திண்ணையில் ஒரு ஆசிரியை இருந்தார். எங்கள் வட்டாரம் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அம்மா பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். குடும்பத் தலைவர் என்று என் கணவரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். "அவர் இங்கே இருக்கிறாரா?" என்று ஆசிரியை கேட்க, "வருவார்" என்றிருக்கிறார் அம்மா. ஆசிரியை பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சில நாட்களுக்கு முன் நின்ற அதே நிலையில் இருந்தார்.

நான் சைக்கிளைச் சாத்தினேன். பையை இறக்கினேன். "தலைவர் என்று என்னை எழுதுங்கள் டீச்சர்" என்றேன்.

சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது உண்மைதான். அவரை நான் வெட்டிவிட்டதுபோல ஒரு எண்ணம் வந்து போனது. ஆனால் அப்படியில்லை, சகோதரிகளே. அவர் வந்தால் முதல் வேலையாக நானே போய் மாற்றி எழுதச் சொல்வேன். வரும்வரைக்கும் இந்த வீட்டின் அரிசிக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் பொறுப்பு யாருடையதோ அவள் பெயர்தான் அங்கே வர வேண்டும். அடுத்து விவாக நிலை கேட்டார். திருமணமானவர், விதவை, பிரிந்தவர் என்று கட்டங்கள் இருந்தன. காத்திருப்பவள் என்று ஒரு கட்டம் இல்லை. "திருமணமானவர்" என்றேன். ஆசிரியை ஒன்றும் கேட்காமல் எழுதினார். அவருக்கும் அதே பயிற்சிதானே. தொழில் கேட்டபோது, இடியப்பம் விற்பதைச் சொன்னேன். "சும்மா" என்று சொல்லவில்லை.

அம்மா அன்றிரவு என்னோடு பேசவில்லை. காலையில் தேத்தண்ணியைக் கையில் தரும்போது, "தலைவி எண்டா இனி மீன் வாங்குற காசயும் நீயே தரோணும்" என்றார். அதற்கு முன்பு யார் தந்தது என்று நான் கேட்கவில்லை. இருவரும் சிரித்தோம்.

கணக்கெடுப்புக்குரிய நாள் 2012 மார்ச் 20. அதற்கு முன் எழுதியவற்றை அந்த நாளுக்குச் சரி பார்க்க வேண்டும். கடைசிச் சுற்றில் போனபோது ஒரு வீட்டில் நான்கு நாள் குழந்தை இருந்தது. பெயர் வைக்கவில்லை. இன்னொரு வீட்டில் பத்து நாட்களுக்கு முன் வயதைச் சூறாவளியிலிருந்து எண்ணிச் சொன்ன பெரியம்மா இறந்து போயிருந்தார். ஒன்றைச் சேர்த்தேன், ஒன்றை வெட்டினேன். அத்துடன் என் வேலை முடிந்தது. கையில் கிடைத்த காசில் மகளுக்குச் சப்பாத்து, மகனுக்குப் பை, கொஞ்சம் பழைய கடன்.

கணக்கு வெளிவந்தபோது நாட்டின் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 1981இல் சுமார் 3 இலட்சத்து 30 ஆயிரமாக இருந்த மட்டக்களப்பு மாவட்டத்தின் தொகை 5 இலட்சத்து 26 ஆயிரமளவில் வந்திருந்தது. பத்திரிகையில் அந்த இலக்கத்தைப் பார்த்தபோது, அதில் எழுபது வீடு என் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். அதே காலப்பகுதியில் செய்த வீட்டு வருமான, செலவின ஆய்வு, நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ 23 சதவீதம் பெண்களைத் தலைவராகக் கொண்டவை என்று சொன்னது. நூற்றுக்கு இருபத்து மூன்று! நாங்கள் நினைப்பது போல நாங்கள் தனியாட்கள் இல்லை.

அதன் பிறகும் பெயர் எழுதுவது நிற்கவில்லை. யுத்தத்தால் ஏற்பட்ட உயிர், உடைமை இழப்புகளைக் கணக்கெடுக்க 2013 நவம்பர், டிசெம்பரில் தனியாகப் படிவம் வந்தது. 2016இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, காணாமற்போனவரை இறந்தவர் என்று பதியாமல், காணவில்லை என்றே உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெற வழி வந்தது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத சகோதரிகள் இதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். 2024 ஒக்டோபரில் அடுத்த குடிசன மதிப்பீட்டு வேலை தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளையின் கையில் கடதாசி இல்லை, டெப். விரலால் தட்டித் தட்டி எழுதினாள். நாட்டின் தொகை 2 கோடியே 17 இலட்சத்தைத் தாண்டியதாகப் பிறகு அறிவித்தார்கள். கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை. அவளும் குடும்பத் தலைவர் யார் என்றுதான் தொடங்கினாள். இம்முறை எனக்குக் குரல் நடுங்கவில்லை.

ஓட்டமாவடிச் சகோதரிக்கு இனிச் சொல்கிறேன். வேலையை ஏற்பதற்கு முன், எந்த நிறுவனம், எதற்காக விபரம் எடுக்கிறது, கொடுப்பனவு எவ்வளவு, எப்போது கிடைக்கும், போக்குவரத்துச் செலவு யாருடையது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காசு கைக்கு வருமுன் அதை நம்பிக் கடன் படாதீர்கள். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று ஒவ்வொரு நாளும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பொழுது படுமுன் திரும்புங்கள். குடையும் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம்.

படலையைத் திறந்ததும் நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். கிடைக்காத உதவியைக் கிடைக்கும் என்று சொல்லாதீர்கள். ஒரு வீட்டுக் கதையை மற்ற வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். யாராவது அழுதால் பேனையை மூடிவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆறுதல் சொல்ல வார்த்தை தேட வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். உங்களுக்கும் அழுகை வரலாம். அன்றைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிக் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பட்டது அவர்களும் பட்டதுதான். மற்றவர்களை விட உங்களுக்குக் கேட்கத் தெரியும்.

வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து பதில் சொல்லப் போகும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வருபவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். வீட்டிலுள்ளவர்களின் பிறந்த திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உங்களுக்காக அண்ணனோ தம்பியோ பதில் சொல்ல விடாமல் நீங்களே வந்து இருங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தொழில் என்ன என்று கேட்டால், கடந்த கிழமை என்னென்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லுங்கள். "சும்மா இரிக்கன்" என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

அந்த வாவிக்கரை அம்மா இப்போது இல்லை. மகளைச் சந்தையில் சில வேளை காண்பேன். சென்ற முறை கண்டபோது தானாகவே சொன்னாள்: "அம்மா கடைசி வரைக்கும் சொல்லுவா அக்கா, அவன்ர கணக்கு அந்தக் கடதாசியில இரிக்கு எண்டு."

அந்தச் சகோதரி என்ன முடிவெடுத்தார் என்று எனக்கு எழுதுவார் என்று நம்புகிறேன். நீங்களும் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.